செல் வளர்ப்பில் நச்சுத்தன்மைச் சோதனை: குமரி மாவட்டத்தில் யாருக்கு எந்த வழி?

கல்லூரித் துறைத் தலைவர் ஒருவர், கருவிகள் வாங்க நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறது, எந்தச் செல் லைனில், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் எந்தச் செல் வகையில், தொடங்கலாம் என்று கேட்கிறார். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் கையுறை செய்யும் ஒருவர், பொருளை வாங்குபவர்கள் செல் நச்சுத்தன்மை அறிக்கை கேட்கிறார்கள், அதை இங்கேயே எடுக்க முடியுமா என்று கேட்கிறார். மூலிகைத் தைலம் காய்ச்சி விற்பவர் ஒருவர், தோலுக்குக் கெடுதல் இல்லை என்று புட்டியில் அச்சிடுவதற்கு ஒரு சோதனை தேடுகிறார். முதுகலை மாணவி ஒருவர், தோவாளைப் பூச்சந்தையில் வாங்கிய அரளிப்பூவின் சாற்றை எந்தச் செல்லில் சோதிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்.

நால்வரும் ஏறக்குறைய ஒரே சொற்களில்தான் கேட்கிறார்கள். ஆனால் நால்வருக்கும் ஒரே விடையைச் சொன்னால், அவர்களில் மூவருடைய பணம் வீணாகும். ஒருவர் நஞ்சை நஞ்சில்லை என்று எழுதி வைப்பார். இந்த இரண்டாவது இழப்பைத் தடுப்பதற்காகத்தான் முதன்மையாக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். பாலூட்டிச் செல் லைன்களைக் கொண்டு சொந்த ஆய்வகம் நடத்துவது, மீன் செல் லைனில் தொடங்குவது, செல்லை விட்டுவிட்டு ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரியிலோ சீப்ரா மீன் முட்டையிலோ சோதிப்பது, மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவது என்று நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், முடிவை யார் வாசிக்கப்போகிறார்கள் என்பது. ஆய்வேட்டுக்கான முடிவு ஒரு வகை. தொழிற்சாலைக்குள் ஒரு செய்முறையை மாற்றியதால் பொருள் மேம்பட்டதா என்று அறிவதற்கான முடிவு வேறொரு வகை. அரசு அலுவலகமோ வெளிநாட்டுக் கொள்முதலாளரோ ஏற்றுக்கொள்ள வேண்டிய அறிக்கை முற்றிலும் வேறானது. ரப்பர் பால் பதப்படுத்தும் ஆலையின் கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலை, நீர் கலக்காத முழுக் கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 விழுக்காடு மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்கிறது. அந்த இடத்தில் எவ்வளவு நேர்த்தியான செல் சோதனையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அது மீன் சோதனைக்கு ஈடாக ஏற்கப்படாது.

இரண்டாவது அளவுகோல், சோதிக்கப்படும் பொருளின் இயல்பு. நான் பார்த்தவரையில் மிகவும் புறக்கணிக்கப்படுவது இதுதான். செல் வளர்ப்பு என்பது நீரில் கரைந்து நிற்கும் பொருளுக்காகவே உருவான முறை. நம் மாவட்டத்தில் சோதனைக்கு வருபவையோ பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ரப்பர் பாலில் கலக்கும் அம்மோனியா ஆவியாகிப் பறந்து, பிளேட் என்ற பல குழிகள் கொண்ட தட்டில் ஒரு குழியில் ஊற்றியது பக்கத்துக் குழியின் செல்லையும் சேர்த்துக் கொல்லும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் நீரில் கரையாது; அது பிளாஸ்டிக்கிலும், செல்லுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் சீரத்தின் புரதத்திலும் ஒட்டிக்கொள்வதால், நாம் ஊற்றிய அளவு ஒன்றாகவும் செல்லைச் சென்றடைந்த அளவு வேறொன்றாகவும் இருக்கும். மூலிகைச் சாறுகளோ அடர்ந்த நிறம் கொண்டவை. நிறத்தை அளந்து கணக்கிடும் சோதனையில் அந்த நிறமே கணக்கைக் கெடுத்துவிடும்.

மூன்றாவதாக, ஆபத்து எந்த உடலுக்கு, அந்த உடலின் எந்த உறுப்புக்கு என்பதைக் கேட்க வேண்டும். கையுறை தோலில் படுகிறது. கழிவுநீர் பழையாற்றின் வழியாக மணக்குடிக் கழிமுகத்துக்குப் போய் மீனின் செவுளில் படுகிறது. கல்லீரல் செல்லில் இரண்டையும் சோதிப்பதற்கு, கல்லீரல் செல் கையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

நான்காவது அளவுகோல் மின்சாரமும் ஆளும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தேர்வு விடுமுறையும் கிடையாது. பொங்கலன்று மீடியம் என்ற ஊட்டக் கரைசலை மாற்ற யார் வருவார்கள் என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாத துறை, இன்குபேட்டர் வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

## பாலூட்டிச் செல் லைன்கள், சொந்த ஆய்வகத்தில்

செல் வளர்ப்பு என்றவுடன் எல்லோர் மனத்திலும் வருவது இதுதான். சுண்டெலியின் இணைப்புத் திசுவிலிருந்து வந்த எல்929, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ, மனிதக் கல்லீரல் கட்டியிலிருந்து வந்த ஹெப்ஜி2 ஆகியவை இங்கே அதிகம் பயன்படுகின்றன. இவற்றைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து கல்வி நிறுவனங்கள் பெறலாம். செல்களைப் பிளேட்டில் வளர்த்து, வெவ்வேறு செறிவில் பொருளைச் சேர்த்து, ஒருநாள் கழித்து எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று அளப்பதே அடிப்படை. அளப்பதற்கு மாஸ்மன் 1983இல் அறிமுகப்படுத்திய எம்டிடி முறையும், உயிருள்ள செல்லின் லைசோசோம் என்ற சிறு பைக்குள் சாயம் சேர்வதை அளக்கும் நியூட்ரல் ரெட் முறையும் பரவலாக வழங்குகின்றன.

இவ்வழியின் வலிமை உண்மையானது. ஒரே பிளேட்டில் 96 குழிகள் இருப்பதால் பத்துப் பொருள்களை ஒரே நாளில் ஒப்பிடலாம்; மில்லிகிராம் அளவுப் பொருளே போதும்; சோதனையில் எந்த விலங்கும் துன்புறுவதில்லை. பொருள் எந்த வழியில் செல்லைக் கொல்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டிய முனைவர் பட்ட ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

ஆனால் செல்லைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, அந்த மாணவியின் அரளியே போதுமான சான்று. அரளி நஞ்சு என்பது இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதிலுள்ள ஒலியாண்ட்ரின், செல்லின் உறையில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பைத் தடுத்து நிறுத்துகிறது. எலி, சுண்டெலி ஆகியவற்றின் செல்களில் அந்தப் பம்பின் அமைப்பு சற்று வேறுபட்டிருப்பதால், இவ்வகை நஞ்சைத் தாங்கும் ஆற்றல் அவற்றுக்கு மனிதச் செல்லைவிட நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை அதிகம். ஆகவே எல்929 செல்லில் அரளிச் சாற்றைச் சோதித்தால், மனிதச் செல் மடிந்துபோகும் செறிவில் அது நலமாக வளர்ந்துகொண்டிருக்கும். செல்லும் சாறும் சோதனை செய்த கையும் குறையற்றவையாக இருந்தும், முடிவு பொய்யாக வந்துவிடும்.

அதற்காக மனிதச் செல்லை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பது, கல்லீரல் அதை வேறொரு கடுமையான பொருளாக மாற்றுவதால்தான். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிகள் ஹெப்ஜி2 செல்லில் மிகவும் குறைவு. பெயரில் கல்லீரல் இருந்தாலும் செயலில் அது கல்லீரல் ஆகாது. மரச்சீனிக் கிழங்கின் லினமாரினும் இதைப் போன்றதுதான்; அதைப் பிளந்து சயனைடை விடுவிக்கும் நொதி கிழங்கிலும் நம் குடலின் நுண்ணுயிர்களிலும் இருக்கிறது, பிளேட்டில் வளரும் மனிதச் செல்லில் அந்த அளவுக்கு இல்லை. சயனைடே விடுபட்டாலும், வழக்கமான மீடியத்தில் குளுக்கோஸ் தாராளமாக இருப்பதால் புற்றுநோய்ச் செல்கள் மூச்சைச் சாராமல் சர்க்கரையை நொதிக்க வைத்தே பிழைத்துக்கொள்கின்றன. குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் இட்ட மீடியத்தில் அதே செல்களை வளர்த்தால், செல்லுக்குள் மூச்சை நடத்தும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் நஞ்சு வெளிப்படும். மூச்சைத் தாக்கும் என்று ஐயப்படும் பொருளை இரண்டு மீடியத்திலும் சோதிக்க வேண்டும் என்று ஆய்வு மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன். கூடுதலாக ஆகும் செலவு சொற்பம்.

பூந்தோட்டங்களில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் இன்னொரு வகைச் சிக்கல். அவை கொல்வது நரம்பின் சைகையை முடித்துவைக்கும் நொதியை முடக்கி, மூச்சை நிறுத்துவதன் வழியாக. பிளேட்டில் உள்ள செல்லுக்கு நுரையீரலும் இல்லை, அதை இயக்கும் நரம்பும் இல்லை. மனிதனைக் கொல்லும் அளவில் அந்தச் செல் சலனமின்றி இருக்கும்.

எம்டிடி முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மஞ்சள் நிற எம்டிடியை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றுகிறது, ஊதா கூடினால் உயிர் கூடுதல் என்பது கணக்கு. செல்லே இல்லாத குழியிலும் அதே மாற்றத்தைச் செய்துவிடும் திறன் மூலிகைச் சாறுகளிலுள்ள பாலிபீனால்கள் பலவற்றுக்கு உண்டு. ஒரு மாணவர் கொண்டுவந்த வரைபடத்தில், சாற்றின் செறிவு ஏற ஏறச் செல்களின் உயிர்ப்பு 100 விழுக்காட்டைத் தாண்டி 130 வரை உயர்ந்திருந்தது. சாறு செல்லைப் பெருக்குகிறது என்று அவர் எழுதியிருந்தார். செல் இடாத குழிகளில் சாற்றையும் எம்டிடியையும் மட்டும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன்; அவையும் ஊதாவாயின. அந்தக் கட்டுப்பாட்டுக் குழிகளுக்குப் பிளேட்டில் ஒரே ஒரு வரிசை போதும். சாற்றைக் கழுவி எடுத்த பிறகு எம்டிடியைச் சேர்ப்பதும், நியூட்ரல் ரெட் முறையில் இன்னொரு முறை சரிபார்ப்பதும் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.

மறைந்து நிற்கும் செலவுகளுக்கு வருகிறேன். பாதுகாப்பு அலமாரியும் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரும் சேர்ந்து பல லட்சம் ஆகும் என்பது விலைப்புள்ளியிலேயே தெரிந்துவிடும். விலைப்புள்ளியில் தெரியாதவை தொடர்ந்து வருபவை. கன்றுக்கரு சீரம் அவற்றுள் முதன்மையானது. விலையும் அதிகம், ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் செல்லின் வளர்ச்சியும் மாறும். கருவுற்ற பசு இறைச்சிக்கூடத்துக்கு வரும்போது கிடைக்கும் கன்றுக்கருவின் இரத்தத்திலிருந்து அது எடுக்கப்படுகிறது என்பதையும், விலங்குக்குத் துன்பமில்லாத முறை என்று எழுதுமுன் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. அது புகுந்தால் மீடியம் கலங்காது. செல் சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கு அடங்காது. வழக்கமான வடிகட்டியிலும் நழுவிப்போகும். செல்கள் கொஞ்சம் சோர்ந்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான். டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் மாதம் ஒருமுறை சோதிக்காத ஆய்வகத்தில் அது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

செல் லைனின் அடையாளத்தையும் உறுதிசெய்ய வேண்டும். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவருடைய ஒப்புதல் பெறாமல் எடுக்கப்பட்ட ஹீலா செல்கள், மிக விரைவாகப் பெருகுவதால் உலகெங்கும் பல ஆய்வகங்களில் வேறு செல் லைன்களுக்குள் புகுந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சாங் லிவர் என்ற பெயரில் நலமான கல்லீரல் செல்லாகக் கருதப்பட்டு ஆய்வேடுகளில் இடம்பெற்று வந்தது உண்மையில் ஹீலாதான். நண்பர் ஆய்வகத்திலிருந்து ஒரு குடுவையில் கேட்டு வாங்கிவரும் செல்லுக்கு டிஎன்ஏ அடையாளச் சோதனை செய்யாவிட்டால், எந்தச் செல்லைச் சோதித்தோம் என்பதே தெரியாமல் மூன்றாண்டு உழைப்பு முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. 37 டிகிரியில் வைக்க வேண்டிய செல் அத்தனை நாள் தாங்காது. அன்று காப்பது திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருக்கும் இருப்பு ஒன்றுதான். நைட்ரஜனோ தானாக ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும்; தவறாமல் நிரப்ப வேண்டும். சினை ஊசி போடும் கால்நடை மருந்தகங்களுக்கு நைட்ரஜன் எந்த வழியில் வந்து சேருகிறது என்று விசாரிப்பது, புதிய ஆய்வகம் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று.

இத்தனைக்கும் பிறகு இவ்வழி யாருக்குப் பொருந்தும்? ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொடரும் ஆய்வுத் திட்டமும், செல்லுக்கென்றே பொறுப்பேற்ற ஒரு பணியாளரும், ஜெனரேட்டரும் உள்ள நிறுவனத்துக்குப் பொருந்தும். ஒருமுறை வரும் நிதியைச் செலவழிப்பதற்காகத் தொடங்கும் துறைக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. அரளியை ஆராயும் மாணவி, அத்தகைய ஆய்வகம் ஒன்றில் மூன்று மாதம் இடம் கேட்டுப் போய், மனிதச் செல்லையும் சுண்டெலிச் செல்லையும் பக்கம் பக்கமாக வைத்துச் சோதித்தால், வேறுபாட்டையே ஆய்வின் மையமாக்கிக்கொள்ளலாம்.

## மீன் செல் லைன்

நம் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல், உயிரிதொழில்நுட்பத் துறைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். காரணங்கள் மிகவும் நடைமுறை சார்ந்தவை.

மீன் செல்கள் பலவும் எல்-15 என்ற மீடியத்தில் வளர்கின்றன. அந்த மீடியம் காற்றிலேயே தன் காரஅமில நிலையைக் காத்துக்கொள்வதால், கார்பன் டை ஆக்சைடு உருளையும் அதற்கான இன்குபேட்டரும் தேவையில்லை. அதில் குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் இருப்பதால், மேலே சொன்ன மைட்டோகாண்ட்ரியா நஞ்சை மறைக்கும் குறையும் இயல்பாகவே குறைகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் உள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, கொடுவா மீனின் மண்ணீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளிலிருந்து செல் லைன்களை உருவாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் ஒரு கல்லூரி இதைச் செய்து காட்டியிருப்பது நம் துறைகளுக்குப் பெரிய துணிவைத் தர வேண்டும். அவை 28 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வளர்பவை. நாகர்கோவிலில் அறையின் வெப்பமே ஏறக்குறைய அதுதான். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் 37 டிகிரிச் செல்லுக்கு நேரும் அதிர்ச்சி இதற்கு நேராது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபுவள அமைவனத்தில் மீன் செல் லைன்களுக்கென ஒரு தேசியக் களஞ்சியமும் இயங்குகிறது.

பன்னாட்டு ஏற்பும் இத்துறைக்கு வந்திருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வானவில் டிரவுட் மீனின் செவுளிலிருந்து உருவான ஆர்டிகில்-டபிள்யூ1 செல்லை வைத்து, மீன் மீதான கடும் நச்சுத்தன்மையை 24 மணி நேரத்தில் கணிக்கும் முறையை, ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு 2021இல் தன் 249ஆம் வழிகாட்டியாக வெளியிட்டது. சோதனையின்போது சீரம் இல்லாத மீடியத்தைப் பயன்படுத்துவதால், பொருள் புரதத்தில் ஒட்டி மறையும் சிக்கல் குறைகிறது. செல்லின் வளர்சிதை மாற்றம், உறையின் முழுமை, லைசோசோம் என்ற மூன்றையும் மூன்று சாயங்களால் ஒரே குழியில் அளக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிரவுட் குளிர்நீர் மீன். அதன் செல்லுக்கு 19 டிகிரி வேண்டும். நம் ஊரில் அதற்குக் குளிரூட்டும் இன்குபேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், மின்சாரக் கவலை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். வழிகாட்டியின்படியே செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லாதபோது கொடுவாச் செல்லே ஏற்றது. முறையின் கட்டமைப்பை மட்டும் வழிகாட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கேள்விகளுக்கும் இங்கே குறைவில்லை. செறிவூட்டிய ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். அம்மோனியாவைக் குறைத்துச் சேர்க்கும் வகையில் டிஎம்டிடி என்ற தையுரமும் துத்தநாக ஆக்சைடும் சேர்கின்றன. டிஎம்டிடி, திரம் என்ற பெயரில் விற்கும் பூஞ்சைக்கொல்லிதான். மீனுக்கு மிகக் கொடியது. அக்கழிவுநீரில் மீனைக் கொல்வது அம்மோனியாவா, தையுரமா, துத்தநாகமா என்று பிரித்தறிய வேண்டுமானால், நூறு தொட்டியில் மீனை விட்டுச் சாகடிப்பதைவிட நூறு குழியில் செல்லை வைத்துப் பார்ப்பது எத்தனையோ மேலானது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு, அவற்றைச் சுற்றிய வயல்களில் தெளிக்கும் மருந்துகள் பற்றியும் இப்படிப்பட்ட ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். நரம்பைத் தாக்கும் நஞ்சை மீன் செல்லும் குறைத்தே காட்டும். உடலுக்குள் மாற்றமடைந்த பிறகே நஞ்சாகும் பொருள்களும் தப்பிவிடும். அம்மோனியா விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும்: அயனியாகாத அம்மோனியாவே செல்லுக்குள் நுழைந்து கெடுப்பது, காரஅமில நிலையைக் குறிக்கும் பிஎச் 7இல் அதன் பங்கு மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழ், பிஎச் 8இல் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு. ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்த ஆலையின் கழிவுநீர் அமிலத்தன்மையோடு வரும். அதைச் செல்லுக்காக நடுநிலைப்படுத்தும்போது அதன் நச்சுத்தன்மையையும் நாமே மாற்றிவிடுகிறோம். பிஎச்சைக் குறித்து வைக்காத கழிவுநீர்ச் சோதனைக்குப் பொருளே இல்லை. குழிகளின் மேல் ஒட்டும் படலம் இட்டு மூடுவதும், பொருள் இடாத குழிகளை அதிகச் செறிவுள்ள குழிகளிலிருந்து தள்ளி வைப்பதும் ஆவியாகும் பொருள்களுக்குக் கட்டாயம்.

## ஆர்ட்டீமியாவும் சீப்ரா மீன் முட்டையும்

செல்லே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான். அலங்கார மீன் கடையில் கிடைக்கும் ஆர்ட்டீமியா முட்டையை உப்புநீரில் இட்டு விளக்கொளியில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பொரியும். அடுத்த ஒரு நாளில் எத்தனை இளவுயிரி செத்தது என்று எண்ணிவிடலாம். இளங்கலை வகுப்பில் செறிவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவைக் கண்ணால் காட்டுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. சாறுகளில் எதை மேற்கொண்டு ஆராயலாம் என்று சலித்தெடுக்கவும் உதவும். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஆர்ட்டீமியா சாகவில்லை, ஆகவே மனிதனுக்குப் பாதுகாப்பானது என்று எழுதிய வரிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த உயிரி உப்பளத்தின் கடுமையையே தாங்கிப் பிழைப்பது.

சீப்ரா மீன் முட்டை வேறு தரம். ஓஇசிடியின் 2013ஆம் ஆண்டு 236ஆம் வழிகாட்டி அதை முறைப்படுத்தியிருக்கிறது: கருவுற்ற முட்டைகளை 26 டிகிரியில் 96 மணி நேரம் வைத்து, முட்டை உறைந்துபோதல், உடற்கண்டங்கள் உருவாகாமை, வால் மஞ்சட்கருவிலிருந்து பிரியாமை, இதயத் துடிப்பின்மை என்ற நான்கு குறிகளை நாள்தோறும் பார்க்கிறார்கள். இதயமும் நரம்பும் வளர்சிதை மாற்றமும் கொண்ட முழு உயிர் என்பதால், செல்லில் தப்பும் நஞ்சுகள் சில இதில் அகப்படும். கருவின் ஒளிபுகும் உடலில் துடிக்கும் இதயத்தைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். மின்சாரம் நின்றாலும் அடுத்த வாரம் புதிய முட்டை கிடைக்கும். பாடு எல்லாம் மீனைப் பேணுவதில்தான்: பெற்றோர் மீன்களின் தீனி, நீரின் தரம், விடியலில் முட்டை சேகரிப்பு. செல்லுக்கு ஆள் இல்லாத துறைக்கு மீனுக்கும் ஆள் இருக்கப்போவதில்லை. முட்டையின் உறை பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மீன் வளர்ப்பில் ஏற்கெனவே கைப்பழக்கம் உள்ள துறைகள், மீன் செல்லையும் சீப்ரா முட்டையையும் இணைத்து வைத்துக்கொண்டால், ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்.

## வெளி ஆய்வகம்

கையுறை செய்பவருக்கு என் விடை தயக்கமற்றது: அறிக்கையை வெளியில் எடுங்கள். மருத்துவப் பொருள்களுக்கான ஐஎஸ்ஓ 10993-5 தரநிலையின்படி, கையுறைத் துண்டை வளர்ப்பு மீடியத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றை எல்929 போன்ற செல்லில் இட்டு, உயிர்ப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறதா என்று பார்க்கிறார்கள். இந்தச் சோதனையில் நஞ்சு உண்டு என்று காட்டுவதற்கான ஒப்புப் பொருளாகவே, துத்தநாக டைஎத்தில்டைத்தியோகார்பமேட் கலந்த படலத்தைப் பல ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. கையுறைத் தொழிலில் ரப்பரை விரைந்து இறுகச் செய்யச் சேர்க்கும் வேதிப்பொருளும் அதுவே. ஆகவே நீர் கலக்காத சாற்றில் ரப்பர் கையுறை தோற்பது அரிதான செய்தி இல்லை. எத்தனை மடங்கு நீர்த்தால் செல் பிழைக்கிறது என்பதே பயனுள்ள எண். அதை முன்கூட்டியே கேட்டு வாங்காவிட்டால், தோல்வி என்ற ஒரே சொல்லுக்குப் பணம் கட்டியவராவீர்கள்.

வெந்நீரில் ஊறவைத்துக் கழுவும் நேரத்தைக் கூட்டினால் அந்த வேதிப்பொருள் குறைகிறதா என்று அறிய, கழுவு நேரம் மட்டும் மாறுபட்ட மூன்று தொகுதிகளை ஒரே சமயத்தில் அனுப்புவது நல்ல முதலீடு. ஒரே தொகுதியை மூன்று முறை அனுப்புவதைவிட அது பல மடங்கு கற்றுத்தரும்.

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில், திருவனந்தபுரம் பூஜப்புரையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. மருத்துவப் பொருள்கள் உடலோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பதில் நெடுநாள் அனுபவம் உள்ள இடம் அது. இவ்வளவு அருகில் இருப்பது நம் மாவட்டத் தொழில்முனைவோருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஏற்றுமதிக்கு எனில், ஆய்வகத்துக்கு நல்லாய்வக நடைமுறைச் சான்று, அதாவது ஜிஎல்பி, உண்டா என்று கேளுங்கள். இந்தியா 2011இல் ஓஇசிடியின் தரவு ஏற்பு உடன்பாட்டில் முழுமையாக இணைந்ததால், அச்சான்றுள்ள ஆய்வகத்தின் முடிவை அவ்வுடன்பாட்டில் உள்ள நாடுகள் ஏற்க வேண்டும். சொந்த ஆய்வகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஏற்பை அது தராது.

தைலக்காரருக்கும் இதே வழிதான்; ஆனால் சோதனை வேறு. எண்ணெயை மீடியத்தில் கலக்க முடியாது. கரைப்பான் சேர்த்துக் கலக்கினால் சோதிப்பது தைலத்தை ஆகாது. செயற்கையாக அடுக்கடுக்காக வளர்த்த மனிதத் தோல் மாதிரியின் மேற்புறத்தில் தைலத்தை அப்படியே தடவி, உயிர்ப்பு 50 விழுக்காடோ அதற்குக் கீழோ இறங்கினால் எரிச்சலூட்டுவது என்று வகைப்படுத்தும் முறை, ஓஇசிடியின் 439ஆம் வழிகாட்டியாக 2010 முதல் இருக்கிறது. அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்துவிட்டதால், முயலின் தோலில் பூசிப் பார்க்கும் பழைய பழக்கத்துக்கு அத்துறையில் இடமில்லை. தோல் மாதிரியின் விலை அதிகம். அது வந்த சில நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். அதில் தேறினாலும் ‘தோலுக்குக் கெடுதல் இல்லை’ என்று புட்டியில் எழுத முடியாது. எரிச்சலும் ஒவ்வாமையும் இருவேறு. ஒவ்வாமைக்குத் தனிச் சோதனைகள் உண்டு. ‘தோல் எரிச்சல் சோதிக்கப்பட்டது’ என்பதே எழுதக்கூடிய அளவு.

வெளி ஆய்வகத்தின் மறைமுகச் செலவு, பெரும்பாலும் மாதிரியை அனுப்பும் விதத்தில் இருக்கிறது. கழிவுநீரைக் கண்ணாடிப் புட்டியில் காற்றிடைவெளி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, அன்றே கொண்டுபோக வேண்டும். பிஎச், வெப்பநிலை, எடுத்த மணி ஆகியவற்றை எடுத்த இடத்திலேயே குறிக்க வேண்டும். கையுறைக்குத் தொகுதி எண்ணோடு, கழுவிய நேரம், உலர்த்திய வெப்பம், சேர்த்த வேதிப்பொருள்களின் பெயர் ஆகியவற்றை எழுதி இணைக்க வேண்டும். தொழில் இரகசியம் என்று பெயர்களை மறைத்தால், ஆய்வகம் கண்டுபிடித்த நஞ்சு எங்கிருந்து வந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது. சாற்றுக்கு, எந்தக் கரைப்பானில் எடுத்தது, அது முழுவதும் ஆவியாக்கப்பட்டதா என்ற விவரம் வேண்டும். மெத்தனால் மிஞ்சிய சாற்றில் செல் செத்தால் பழி செடியின் மேல் விழும். கரைப்பானை மட்டும் ஒரு தனிக் குப்பியில் அதே நாளில் சேர்த்து அனுப்பி, அதையும் சோதிக்கும்படி கடிதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.